எலுமிச்சைக்கு வந்த வெயில்

வருசத்தில் ஆறு மாசம் மழை, மூணு மாசம் பனி, மிச்சமிருக்கிற நாளில் வெயில் வந்தால் வந்தது, வராவிட்டால் யார் போய் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவர முடியும் என்று சனங்கள் விட்டுவிட்ட ஒரு மலையில், மேல்கரடி எஸ்டேட்டின் மூணாவது லைனில், ஒரே தகரக் கூரையைப் பங்கு போட்டுக்கொண்டு முதுகோடு முதுகு ஒட்டி நின்ற பன்னிரண்டு வீடுகளில் ஏழாவது வீடு வெள்ளத்தாயுடையது. அவளுடையது என்று சொன்னது வாய்தவறி. வீடு கம்பெனியுடையது, வாசலில் நின்ற தண்ணீர்க்குழாய் கம்பெனியுடையது, காலையில் ஊதுகிற சங்கு கம்பெனியுடையது, பத்தொன்பது வயசில் கல்யாணமாகி மலையேறி வந்த நாளிலிருந்து அவள் இரண்டு கையாலும் பறித்துப் பறித்துப் போட்ட தேயிலைக் கொழுந்து அத்தனையும் கம்பெனியுடையது. வேலை இருக்கிறவரை வீட்டில் இருக்கலாம். ஐம்பத்தெட்டு முடிந்தால் மறுநாளே வீட்டைக் காலி செய்துவிட்டு இறங்கிவிட வேண்டும். புருசன் மாசானம் காற்றில் ஒடிந்து விழுந்த மரத்துக்கடியில் போய்ச் சேர்ந்து வருசம் பலவாச்சு; ஒரே மகன் பட்டுராஜன் திருப்பூரில் பனியன் தைக்கிறான். ஆக அந்த வீட்டில் இருந்தது அவளும், அடுப்பும், கூரையில் ஓயாமல் கொட்டுகிற மழையும்தான்.

எலுமிச்சை அந்த வீட்டுக்குள் வந்த கதை ஒன்றும் பெரிய கதையில்லை. அவளுக்கு நாற்பத்தொன்பது வயசு நடந்த வருசம், சந்தையில் இரண்டு பழம் வாங்கி, பிழிந்து, சாதம் கிண்டி, தூக்கில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். மழையில் நின்றபடியே அவசர அவசரமாக அள்ளிப் போட்டதில் ஒரு விதை கடைவாய்ப் பல் சந்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வரைக்கும் நாக்கால் நெம்பி நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை. வீட்டுக்கு வந்து, ஈரச்சேலையை மாற்றி, அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து ஒரு வாய் சூடாகக் காப்பித்தண்ணி குடித்ததும் அது தானாகக் கழன்று நாக்கு நுனிக்கு வந்து நின்றது. துப்பத்தான் போனாள். என்ன நினைத்தாளோ, உள்ளங்கையில் எடுத்து, மேல்தோலை நகத்தால் உரித்து, ஒரு பால்பவுடர் டப்பாவில் மண்ணைப் போட்டு, விரல்நுனி அளவு குழி பறித்து, உள்ளே வைத்து மூடி, அடுப்புக்குப் பின்பக்கம் வைத்துவிட்டாள். எதுக்கு நட்டாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்கிற கைக்கு ஒன்றையாவது மண்ணில் வைத்துப் பார்க்கணும்போல இருந்திருக்கும்.

"யக்கா, எலுமிச்சையா? இந்தக் குளிருக்கு நாமளே முளைக்க மாட்டோம், இதுல அது முளைக்குமா?" என்று பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் சிரித்தாள். மரியபுஷ்பம் வாய்க்காரி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் இல்லை, ஆறேழு வயசு வித்தியாசம். ஆனாலும் ஒரே நிரையில் நின்று, ஒரே மழையில் நனைந்து, ஒரே அட்டைக் கடிக்கு உப்பு வைத்தவர்கள்.

இருபத்திரண்டாம் நாள் அது முளைத்தது. அடுப்புச் சூட்டில் இரண்டு இலை விட்டது, நாலு இலை விட்டது, அத்தோடு நின்றுபோய் வெளிறத் தொடங்கியது. ஆடி மாசம். பதினோரு நாளாகப் பகலுக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மழை. வெள்ளத்தாய் டப்பாவைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதட்டினாள். "மூஞ்சியத் தொங்கப்போட்டா ஆச்சா? வெயில் வேணும்னா வாயத் தொறந்து கேளு. நான் எங்க போவேன் வெயிலுக்கு? என்கிட்ட இருந்தா குடுக்க மாட்டேனா?"

மறுநாள் காலையில் சங்கு ஊதும்போது வெயில் வந்தது.

வெளியே இல்லை; வெளியே மழை தன் பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள், ஜன்னல் கிடையாத உள்ளறையில், கூரையில் ஊசி நுழைகிற ஓட்டைகூட இல்லாத இடத்தில், ஒரு முறம் அகலத்துக்கு, காலை ஒன்பது மணி வெயில் மஞ்சளாக, சுத்தமாக, டப்பாவின் தலைக்கு நேராக விழுந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் தகரமும் ஒட்டடையும்தான் தெரிந்தன. கீழே பார்த்தால் வெயில். வெள்ளத்தாய் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கையை நீட்டிப் பார்த்தாள், சுட்டது. "வந்ததுதான் வந்த, ஒரு பத்து நாளைக்கு முன்னாடி வந்திருக்கப்படாதா?" என்று கேட்டுவிட்டு, காயாமல் நாறிக்கிடந்த ரவிக்கையை எடுத்து, செடிமேல் நிழல் விழாதபடி ஓரமாக விரித்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். தாமதமாய்ப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார், வெயில் வந்தது என்றெல்லாம் அவரிடம் காரணம் சொல்ல முடியாது.

கண்டுபிடித்தது மரியபுஷ்பத்தின் மூக்கு. அந்த மலையில் எல்லார் துணியும் ஒரே வாசம்தான்: பாதி புகை, பாதி ஈரம். அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தி, உலராததை உடம்புச் சூட்டிலேயே உலர்த்திக்கொள்கிற சனம். வெள்ளத்தாய் மறுநாள் அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நிரையில் வந்து நின்றதும் மரியபுஷ்பம் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு அவள் தோளில் மூக்கை வைத்து இழுத்தாள். "யக்கா, இதென்ன வாசம்? எங்க அம்மை வீட்டு மொட்டைமாடி வாசமால்ல இருக்கு?"

அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூணாவது லைன் முழுக்க ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் நின்றது. செடி வளர வளர வெயிலும் கூடவே வளர்ந்தது, முறம் அகலம் பாய் அகலமாச்சு, பாய் அகலம் ஒரு வருசத்தில் அறை முழுக்க ஆச்சு, சுவருக்குச் சுவர் ஆணி அடித்துக் கொடி கட்டியாச்சு, பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தது, மழைக்கு இடுப்பில் கட்டுகிற சாக்கு காய்ந்தது, விறகு காய்ந்தது, மிளகாய் காய்ந்தது, இந்த மலையில் பிறந்து வளர்ந்த பெண்கள் ஆயுசில் முதல் தடவையாகக் கூழ்வடகம் பிழிந்து, அது பொரிகிற சத்தத்தைக் கேட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கடைசி வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்த பச்சைப்பிள்ளை மஞ்சளாக இருக்கிறது, தினமும் இளவெயிலில் காட்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எந்த வெயிலில் காட்டுவாள், பாவம்? ஏழாம் நம்பர் வெயிலில்தான் காட்டினாள். எட்டு நாளில் பிள்ளை தெளிந்து, வெள்ளத்தாய் மடியிலேயே ஒண்ணுக்கும் போய்விட்டது.

இதை அதிசயம் என்று சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. ஈரத்துணி அவ்வளவு கிடந்தது. சண்டைதான் வந்தது. "உங்க லைனுக்கு மட்டும்தான் வெயில் பட்டா எழுதிக் குடுத்திருக்கா?" என்று ரெண்டாவது லைன் பெண்கள் ஈரப்போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று கேட்டார்கள். வெள்ளத்தாய், திங்கள் புதன் அவர்களுக்கு, செவ்வாய் வியாழன் இவர்களுக்கு, வெள்ளிக்கிழமை பிள்ளை பெற்றவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் என்று முறை வைத்துவிட்டாள். கோயில் பூசாரி வந்து மூலையில் ஒரு சூலம் நடலாம் என்றார். சர்ச்சிலிருந்து கோயில்பிள்ளை வந்து அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்றார். "வெயில்ல சூலம் பழுக்கக் காஞ்சு பிள்ளைக கையைச் சுட்டுக்கும், மெழுகுவத்தி கொழகொழன்னு தரையில ஊத்தும். ரெண்டு சாமியும் வந்து காலைக் காயவச்சுட்டுப் போகட்டும், நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்று அவள் அனுப்பிவிட்டாள்.

ஆபீஸுக்கும் சேதி போகாமல் இருக்குமா? கம்பெனிக் கரண்டைத் திருடி எவளோ உள்ளுக்குள் பெரிய ஹீட்டர் போட்டிருக்கிறாள் என்று கிளார்க் ஞானசிகாமணி டார்ச் லைட்டோடு வந்தார். அந்த வெயிலுக்குள் டார்ச்சை அடித்து மூலை மூலையாகத் தேடினார். ஒயர் இல்லை. சுவரைத் தட்டினார், கூரையைக் குடைக்கம்பால் குத்தினார். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றார். பிறகு, அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, சொதசொதவென்று ஊறியிருந்த ஷூவை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்தார். "தப்பு ஒண்ணும் தெரியலை" என்று எழுதிக்கொண்டு போனவர், அடுத்த வாரத்திலிருந்து அவர் சம்சாரம் இட்ட அப்பளத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். மேனேஜர் துரை பங்களாவிலிருந்து நாயின் மெத்தைகூட வந்தது. அது நாலு நாள் கிடந்து காய்ந்துவிட்டுப் போனது.

மூணாம் வருசம் டப்பா வெடித்தது. வெள்ளத்தாய் கடப்பாரையால் அறை நடுவே சிமெண்டைப் பெயர்த்து, செடியைத் தரையிலேயே வைத்துவிட்டாள். கம்பெனித் தரையை உடைப்பது குற்றம்தான். ஞானசிகாமணி அதையும் பார்த்தார், பார்க்காத மாதிரி அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். வேர் எங்கெங்கே ஓடியதோ, இனி அதைத் தோண்டி எடுக்கவே முடியாது என்கிற அளவுக்குச் செடி தரையோடு ஒன்றாகிவிட்டது.

ஆனால் பூக்கவில்லை.

அதுதான் வெள்ளத்தாய்க்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. நாலு வருசம், ஐந்து வருசம், ஏழு வருசம். முள் இருந்தது, இலை இருந்தது, கசக்கினால் மணம் இருந்தது. உயரவும் இல்லை. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் நின்றுகொண்டு, அகலத்துக்கு அகலத்துக்கு அடர்ந்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்த மாதிரி சமமாகப் பரவியது. ஆண் செடி என்றார்கள். மலட்டுச் செடி என்றார்கள். உள்ளே வளர்ந்தது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அவள் அடுப்புச் சாம்பல் போட்டாள், மீன் கழுவின தண்ணி ஊற்றினாள், ஆட்டுப்புழுக்கை போட்டாள். ஒருநாள் செடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கூடக் கேட்டாள். ஊஹூம்.

"உனக்கென்னக்கா பழம் பழம்னு? வெயிலே வருது. வேணும்னா நான் சந்தையில ஒரு கூடை வாங்கித் தாரேன்" என்றாள் மரியபுஷ்பம்.

"சந்தைப் பழம் எனக்கெதுக்கு? கணக்கில்லாம பறிச்சிருக்கேன் புஷ்பம், ஒரு இலை, ஒரே ஒரு இலை எனக்குன்னு பறிச்சிருப்பேனா? இந்த ஒண்ணுதான் நான் வச்சது. இதுல ஒரு பழம், ஒண்ணே ஒண்ணு, என் கைக்கு வந்துட்டா நான் பேசாம இறங்கிப் போயிருவேன். வெறுங்கையோட போகச் சொல்லாத."

ஐம்பத்தெட்டு முடிய இன்னும் பத்தே மாசம் என்றிருந்தபோது, ஆடி மழையில் சறுக்கி, வெள்ளத்தாய்க்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மூணு வாரம் நடக்கக்கூடாது என்று கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அத்தனை வருசத்தில் பகல் நேரத்தில் அவள் அந்த அறையில் தொடர்ந்து உட்கார்ந்திருந்ததே அப்போதுதான். கொடிகளுக்கு அடியில், காயவைத்த கம்பளிகளின் மேலே, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, அரைக்கண் மூடி, வேலை முடிந்து வருகிற பெண்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வெயில் இதமாக இருந்தது, ஆட்கள் கனவில் நடக்கிற மாதிரி போனார்கள், வந்தார்கள். கடைசி வீட்டுப் பெண் வந்து துணி விரித்தாள், மாமியாரைக் குறை சொன்னாள், போனாள். ரெண்டாவது லைன் பெண்கள் மூணு பேர் வந்தார்கள், மழையைத் திட்டினார்கள், போனார்கள். மரியபுஷ்பம் வந்து, செடிக்குப் பக்கத்தில் நின்று, எஸ்டேட் ரேசன் கடைக்குள் யானை புகுந்து உப்பு மூட்டையை இழுத்துப் போட்ட கதையைக் கைகால் ஆட்டிச் சொன்னாள். அப்போதுதான் வெள்ளத்தாய் பார்த்தாள்.

மரியபுஷ்பத்தின் வாய் யானையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அவள் கண் வெள்ளத்தாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வலது கை மட்டும் தன்னந்தனியாக வேறொரு வேலை பார்த்தது. செடியின் மேல்தட்டில் புதுசாக விட்டிருந்த செந்தளிரில் போய் நின்று, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து, இரண்டு இலை ஒரு மொட்டு என்கிற தேயிலைக் கணக்கில் டக்கென்று கிள்ளியது. மறுபடி இரண்டு இலை ஒரு மொட்டு.

"புஷ்பம்! கைல என்னடி?"

மரியபுஷ்பம் குனிந்து பார்த்தாள். உள்ளங்கையில் ஏழெட்டு எலுமிச்சைத் தளிர். "அய்யோ மாதாவே, இது எப்ப வந்துச்சு?" என்று அவள் நிசமாகவே கேட்டாள்.

மறுநாள் முழுக்க வெள்ளத்தாய் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வந்த பெண்கள் அத்தனை பேரும் கிள்ளினார்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, கண்ணால் பார்க்காமலே, செடியைக் கடக்கிற ஒவ்வொரு கையும் ஒரு தளிரைக் கிள்ளிவிட்டுத்தான் கடந்தது. கம்பெனி எல்லார் கையிலும் கொழுந்து வெட்டக் கத்திரி கொடுத்துப் பல வருசமாச்சு, ஆனால் விரல்களுக்கு அது இன்னும் தெரியாது. சரி, இவளுகளைத் திட்டித் தீர்ப்போம் என்று வெள்ளத்தாய் கம்பைப் பிடித்து எழுந்து, செடியைச் சுற்றி நடந்து, வாயைத் திறக்கப் போனவள், தன் கை கனப்பது தெரிந்து குனிந்தாள். அவள் கையில் ஒரு பிடி.

ஆண் செடியுமில்லை, மலட்டுச் செடியுமில்லை. நாற்பது பெண்களாகச் சேர்ந்து, ஒரு நல்ல எலுமிச்சை மரத்தை ஒரு தேயிலைச் செடியாக்கி வைத்திருந்தார்கள். அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை, அதுதான் ரொம்பக் கஷ்டமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லைன் கூடியது. வெள்ளத்தாய் விசயத்தைச் சொன்னதும் எல்லாரும் தங்கள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ரெண்டாவது லைனிலிருந்து ஒருத்தி மெல்லச் சொன்னாள். "அக்கா, கோவிச்சுக்காத. பழுக்கணும்னுதான அந்த வெயில் வந்திருக்கு? பழுத்துட்டா அதுக்கு இங்க என்ன சோலி? போயிராதா? உனக்கு ஒரு பழம். எங்களுக்கு வெயிலு. நீ இன்னும் பத்து மாசத்துல போயிருவ, நாங்க இங்கதான கிடக்கணும்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மழை கூரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசி வீட்டுப் பெண் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அது இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. வெள்ளத்தாய் யார் முகத்தையும் பார்க்காமல் சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் பெருந்தன்மையாக "வேண்டாம் விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவளால் முடியவில்லை, அந்தப் பழம் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

மரியபுஷ்பம்தான் எழுந்து நின்றாள். "ஏ, எட்டு வருசமா இவ வீட்ட நம்ம வீடு மாதிரி பொழங்குறோம். ஒருநாளு கதவச் சாத்தியிருப்பாளா? நம்ம கைதான அவ மரத்தக் கெடுத்துச்சு? வெயில் போனா போகுது. வெயில் இல்லாமலா நம்ம ஆத்தாமாரு நம்மளப் பெத்துப் போட்டாங்க? புகையிலயே காயவச்சுக்குவோம்." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அட்டை ஏறாமல் இருக்க மலைக்குப் போகும்போது காலில் மாட்டுகிற முரட்டுத் துணியுறை இரண்டைக் கொண்டுவந்தாள். அதைக் கையில் மாட்டிக்கொண்டாள். முழங்கை வரைக்கும் இழுத்து, கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். "இப்ப கிள்ளட்டும் பார்ப்போம்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஏழாம் நம்பர் வாசலில் ஒரு ஆணி, ஆணியில் அட்டை உறைகள். உள்ளே போகிற பெண்கள் அதைக் கையில் மாட்டிக்கொண்டுதான் போகணும். அந்த மொண்ணைக் கையோடு துணி விரிக்கிற அழகைப் பார்க்க ஆண்களும் பிள்ளைகளும் கூடிச் சிரித்தார்கள். ஒரு சட்டையைக் கொடியில் போட நாலு பேர் வேண்டியிருந்தது. வெள்ளத்தாயும் தன் வீட்டுக்குள்ளேயே உறை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

செடி முதலில் நம்பவில்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்தது. பிறகு ஒரு தளிரை நீட்டிப் பார்த்தது, யாரும் கிள்ளவில்லை, இன்னொன்றை நீட்டியது, அப்புறம் அதைப் பிடிக்க முடியவில்லை. ஆவணியில் தோள் உயரம், புரட்டாசியில் கொடிகளைத் தள்ளிக்கொண்டு மேலே போனது, ஐப்பசியில் கூரைத் தகரத்தில் தலை முட்டியது. கார்த்திகை பிறந்த அன்றைக்குக் காலையில் மூணாவது லைன் முழுக்க ஒரு வாசம். பன்னிரண்டு வீட்டிலும் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றார்கள். ஈரமும் புகையும் தவிர வேறெதையும் முகர்ந்து பழகாத மூக்குகள் அன்றைக்கு முழுக்கத் திணறின. சோறு வடிக்க மறந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடக் குரல் தாழ்ந்தது, அடிக்கடி அடித்துக்கொள்கிற ரெண்டாம் வீட்டுப் புருசன் பெண்டாட்டி அன்று சாயங்காலம் ஒரே குடையில் கடைக்குப் போனார்கள். எங்கிருந்தோ தேனீ வந்தது, மழைக்குள் நனைந்து நனைந்து, வாசலில் உதறிக்கொண்டு உள்ளே போனது.

பூத்தது நூறு. உதிர்ந்தது தொண்ணூற்றொன்பது. ஒன்று மட்டும் பிடித்தது, மிளகளவு, பிறகு சுண்டைக்காய் அளவு, பிறகு பச்சையாக, கெட்டியாக, ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரை போச்சு, அது பச்சையாகவே இருந்தது. மே மாசம் முப்பத்தொன்றோடு வெள்ளத்தாய்க்கு வேலை முடிகிறது.

அவள் துரையைப் பார்க்கப் போனாள். ஒரு பத்து நாள் கூடுதலாக வீட்டில் இருந்துகொள்கிறேன், பழம் பழுக்கட்டும் என்று கேட்டாள். துரை கெட்டவர் இல்லை. பேனாவைத் திருகித் திருகி மூடிக்கொண்டே சொன்னார். "உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க வெள்ளத்தாயி. வீடு ஒதுக்கியாச்சு, வடக்கேயிருந்து ஆள் வந்துகிட்டிருக்கு. நான் என்ன செய்யட்டும்?" அவளுக்கும் அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தாள். மகன் போனில், "வாம்மா, இங்க வெயிலுக்கா பஞ்சம், மண்டை காயுது" என்றான். அவள் போனை வைத்துவிட்டுச் செடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கடைசி நாள் சாயங்காலமும் அது பச்சைதான்.

ஜூன் ஒன்றாம் தேதி காலையில் மழை பிடித்தது. வெள்ளத்தாய் எழுந்து உள்ளறைக்குப் போனாள். பழம் மஞ்சளாக இருந்தது.

சேதி கேட்டு நாற்பது பெண்களும் வந்துவிட்டார்கள். அறைக்குள்ளும், அடுப்படியிலும், வாசலிலும் நின்றார்கள், யாரும் சொல்லாமலே எல்லார் கையிலும் அட்டை உறை. வெளியே கூரைச்சொட்டுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, ஒரு மூட்டையோடு, வடக்கேயிருந்து வந்த புருசனும் பெண்டாட்டியும் நின்றார்கள். அவள் பெயர் புத்னி என்று கிளார்க் சொன்னார். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். மலையேறி வந்து நாலு நாள்தான் ஆகிறது, மூட்டை பிடித்திருந்த கை இன்னும் தேயிலைக் கறை ஏறாமல் வெளுப்பாக இருந்தது. "வாசல்ல நின்னு நனையாதீங்க, உள்ள வாங்க" என்று வெள்ளத்தாய் கூப்பிட்டாள். பாஷை புரியாவிட்டாலும் அது புரிந்தது. உள்ளே வந்த புத்னி வெயிலைப் பார்த்தாள், கொடியில் கிடந்த துணிகளைப் பார்த்தாள், கையில் காலுறை மாட்டிய நாற்பது பெண்களைப் பார்த்தாள். இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

வெள்ளத்தாய் தன் வலது கை உறையைக் கழற்றினாள். பழத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். கை பழத்துக்குப் போகவில்லை. பழத்துக்குப் பக்கத்தில் ஒரு தளிர் இருந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அவளைக் கேட்காமலே சேர்ந்து அதன்மேல் போய் நின்றன. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். மறுபடி அதே தளிர். மூணாம் தடவை அவள் நீட்டவில்லை.

"இந்தக் கை எனக்காகப் பறிக்காது புஷ்பம். அதுக்குத் தெரியல" என்றாள். பிறகு, எல்லாரையும் பார்த்து, வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "எம்புட்டுப் பறிச்சுக் குடுத்திருக்கேன். எனக்குன்னு ஒருத்தரும் ஒண்ணும் பறிச்சுக் குடுத்ததில்ல. யாராவது இத எனக்குப் பறிச்சுக் குடுங்களேன்."

பெண்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள். "என் கைய நான் நம்ப மாட்டேன்க்கா" என்றாள் மரியபுஷ்பம், கண்ணில் தண்ணி முட்ட. கிளார்க் ஞானசிகாமணி முன்னால் ஒரு அடி வைத்தார், பிறகு தன் கையும் ஆபீஸ் கைதானே என்று நினைத்தாரோ என்னவோ, பின்னால் போய்விட்டார்.

புத்னி மூட்டையைக் கீழே வைத்தாள். என்ன கேட்கிறார்கள் என்பது அவளுக்கு அந்த அம்மாளின் முகத்திலேயே தெரிந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, இடது கையால் கொப்பைப் பிடித்து, வலது கையால் பழத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். முள் கிழித்தது, அவள் பொருட்படுத்தவில்லை. பழம் வந்தது. பக்கத்துத் தளிர் அப்படியே இருந்தது. அவள் பழத்தை வலது கையில் ஏந்தி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, தங்கள் ஊரில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி, குனிந்து நீட்டினாள்.

வெள்ளத்தாய் கையை நீட்டினாள். கை குப்புற வந்தது. பறிக்கிற கை அப்படித்தான் வரும். வாங்குவதற்கு எப்படி நீட்டுவது என்று அதற்கு வரவில்லை. புத்னி அந்தக் கையைப் பிடித்து, மெல்லத் திருப்பி, உள்ளங்கையில் பழத்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். வெள்ளத்தாய் அந்தப் பெண்ணின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள், அதை அவளே எல்லாருக்கும் சொன்னாள். வெயில் இருக்கிறதா போய்விட்டதா என்று திரும்பிப் பார்க்க அந்த நேரத்தில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. வெள்ளத்தாயைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, புத்னி தன் நனைந்த சேலையைக் கொடியில் விரிப்பதைப் பார்த்தபோதுதான் அது அங்கேயே இருப்பது அவர்கள் கவனத்துக்கு வந்தது.

பஸ்ஸில் வெள்ளத்தாய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். வலது கை மூடினது மூடினபடி மடியில் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள், அவள் பிடிக்கவில்லை. டிக்கெட்டுக்கு இடது கையாலேயே முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எடுத்து நீட்டினாள்.

"என்னம்மா, கைல அடி பட்டிருக்கா? என்ன வச்சிருக்கீங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"என்னுது" என்றாள் வெள்ளத்தாய்.